தோற்று வந்த மறுநாள் நீ சொன்ன சரி

கண்ணு,

பந்து என்று நான் வாயைத் திறந்தாலே நீ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பன்றிக் காவலுக்குக் கிளம்பிவிடுகிறாய். சாமைக்காட்டில் இப்போது பன்றி தின்ன என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? கதிர் இன்னும் பால் பிடிக்கவில்லை. அடிவாரத்து ஆட்டம் முடிந்து மலையேறி வந்த நாளிலிருந்து நீ காவல் குடிசையே கதியென்று கிடக்கிறாய். சோற்றுக்கு வந்தாலும் குனிந்த தலை நிமிராமல் தின்றுவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் இதை எழுதுகிறேன். இந்த வீட்டில் எழுத்துத் தெரிந்தவர்கள் நீயும் நானும்தான். உன் அப்பா கையில் கிடைத்தாலும் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது என்று சொல்லிக் கூரை எறவாணத்தில் செருகிவிடுவார். நாளை மறுநாள் உன் மாமன் வீட்டில் வெற்றிலை மாற்றுவது என்று அவர் பேசி வைத்திருக்கிறார். பெரக்கரை நாட்டுப் பங்காளிகளை அழைக்கப் போயிருக்கிறவர் நாளை மதியம் வந்துவிடுவார். இன்று இரவு நீ சோற்றுக்கு வரும்போது இதைக் கையில் தருவேன், அவர் வருவதற்குள் நீ இதைப் படித்தாகவேண்டும். உன் கல்யாணத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தத் தோல்வியைப் பேசாமல் இந்தக் கல்யாணத்தைப் பேச என்னால் முடியாது. நீ எழுந்து போக முடியாதபடி உட்கார்த்தி வைத்துப் பேச எனக்கு இருக்கிற வழி இந்தத் தாள் ஒன்றுதான்.

நான் இந்த டீமின் ஆள். உன்னைப் பெற்றவள் என்பதற்காக அல்ல. நீ பிறப்பதற்கு முன்பே, பள்ளிக்கூடத்துத் துரை சீமையிலிருந்து வந்த தோல்பந்தை நம் கோயில் மந்தைவெளியில் உருட்டிவிட்ட நாளிலிருந்தே நான் இதன் ஆள். அப்போது நான் என் பிறந்த ஊரிலிருந்து நடந்து வந்து அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த பெண். பெண்பிள்ளைகளைச் சுவரோரம் உட்காரவைத்துக் கைதட்டச் சொன்னார்கள். மற்றவர்கள் தட்டச் சொன்னபோது தட்டினார்கள், நான் எனக்குத் தோன்றியபோது தட்டினேன், அதற்குத் திட்டும் வாங்கினேன். துரை பிறகு தன் ஊருக்கே போய்ச் சேர்ந்தார். பந்து இங்கேயே தங்கிவிட்டது. எனக்கு வாய்த்த வீட்டுக்கும் அந்த மந்தைக்கு மேலேயே காடு இருந்தது என் அதிர்ஷ்டம். களையெடுக்கும்போது என் பக்கத்து நிரையில் இருக்கிறவர்கள், "ஏம்புள்ள, களை இங்க இருக்குது, உன்ற கண்ணு கீழ இருக்குது, சாமைப் பயிரையே புடுங்கிப் போட்டுருவியாட்ட இருக்குது" என்று கேலி செய்வார்கள். செய்தால் செய்யட்டும். இடப்பக்கம் ஓடுகிறவனுக்கு எந்தக் காலில் பலவீனம், எவன் மூச்சு வாங்குவதை மறைக்கக் கச்சையை அவிழ்த்துக் கட்டுகிறான், எல்லாம் மேலே இருந்து பார்க்கிற எனக்குத்தான் தெரியும். எத்தனையோ முறை அங்கிருந்தே கத்தியிருக்கிறேன். நீங்கள் ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. காக்கை விரட்டுகிறாள் என்று நினைத்திருப்பீர்கள்.

அந்த மந்தை உனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஒரு தரம் என் கண்ணால் அதைப் பார். மேற்கே கோயில், தெற்கே வீடுகள், வடக்கே நம் காட்டின் கல்கட்டு. கிழக்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு வரப்பு, அதற்கு அப்பால் பள்ளம். வரப்பைத் தாண்டிய பந்து முள்ளிலும் கொடியிலும் முட்டி முட்டி இறங்கி எங்கே போய் நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் அந்தக் காலத்திலேயே பையன்கள் ஒரு சட்டம் போட்டார்கள். அடித்தவன்தான் இறங்கி எடுத்து வரவேண்டும், அவன் வரும்வரை ஆட்டம் நிற்கும். உனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். ஒரு நாள் வீராப்பாக ஓங்கி அடித்தாய். பந்து வரப்புக்கு மேலே பறந்து போனதை நான் காட்டிலிருந்து பார்த்தேன். மதியம் இறங்கினவன், பொழுது சாயும் நேரத்தில் பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்தாய். முகமெல்லாம் குளவி கொட்டி வீங்கியிருந்தது, ஒரு கண்ணே தெரியவில்லை. சுண்ணாம்பு தடவும்போது அழவும் இல்லை. "பந்து கெடச்சுருச்சும்மா" என்று மட்டும் சொன்னாய். அன்றைக்குப் பிறகு நீ பந்தை நீளமாக அடித்து நான் பார்த்ததில்லை. நீ மட்டுமல்ல, நம் பையன்கள் எவனும் அடிக்கமாட்டான். ஒருவன் காலிலிருந்து அடுத்தவன் காலுக்கு, அவனிடமிருந்து இன்னொருவனுக்கு என்று பந்து தரையை விட்டு எழாமல் போகும். காட்டிலாகாக் காவலர்கள் டீம் வந்தபோது அப்படித்தான் அவர்களைச் சுற்றவிட்டு ஜெயித்தீர்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று நான் பிடுங்கியதில் பாதி சாமைதான்.

இந்த ஆண்டு ஆட்டத்துக்கு முன்பு நீ எப்படி இருந்தாய் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. அடிவாரத்திலிருந்து மிளகு வாங்க வரும் ராவுத்தர் ஒரு சேதி கொண்டுவந்தார். கீழ்நாட்டில் ஒரு நூல் மில். அந்த மில்லுக்கென்றே ஒரு பந்து டீம் உண்டு. அதன் மானேஜர் இந்த ஆட்டத்தைப் பார்க்க வருகிறார், நம் பையன்கள் ஜெயித்தால் இரண்டு பேருக்கு மில்லில் வேலையும் டீமில் இடமும் கொடுப்பார் என்றார். அன்று இரவு சாப்பிடும்போது உன் கால் சும்மா இருக்கவில்லை. மணையைத் தட்டிக்கொண்டே இருந்தது. எல்லாருக்கும் ஒரே நிறத்தில் சட்டை வேண்டும் என்று நீ கேட்டபோது, மஞ்சளைக் கொதிக்கவைத்து, சட்டைகளை அண்டாவில் முக்கிக் காயப்போட்டவள் நான். வேர்வையில் அது இளகி, நீங்கள் எல்லாரும் மஞ்சள் தேய்த்துக் குளித்த கல்யாணப் பெண்கள் மாதிரி ஆகிவிட்டீர்களாம். கீழே சனங்கள் "மஞ்சத்தண்ணி டீம்" என்று சிரித்தார்களாம். அதை நீ என்னிடம் சொல்லவே இல்லை. இன்னொருவர் சொல்லித்தான் தெரிந்தது. நீயே சொல்லித் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. நம் ஊர்ப் பெண்கள் கீழே இறங்கி ஆண்கள் கூட்டத்தில் நின்று பந்தாட்டம் பார்க்கும் வழக்கம் கிடையாது. நான் நின்றிருந்தால் அதையே இன்னும் மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள். ஆகவே, ஆயுள் முழுக்க இந்த டீமைப் பார்த்தவள், பார்க்கவேண்டிய ஒரே ஆட்டத்தன்று கேழ்வரகு அரைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் மறுநாள் வந்த விதத்திலேயே சேதி தெரிந்துவிட்டது. ஒருவரோடு ஒருவர் பேசாமல் தனித்தனியாக வந்தீர்கள். நீ எல்லாருக்கும் கடைசியில் வந்தாய். பிறகு ஆளாளுக்கு ஒரு காரணம். உன் அப்பா கீழ்நாட்டு வெயில் என்றார். உன் மாமன் ஆள் அனுப்பி, தலைக்கனம் என்று சொல்லவைத்தார். டீமில் இருந்த பையன்கள் காரணம் எதுவும் சொல்லவில்லை, உன் பேரை மட்டும் சொன்னார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. முதல் கோல் யாரால் விழுந்தது? கோலில் நின்றவன் கையில் வந்த பந்தை நழுவவிட்டான் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவன் ஊர்க்கவுண்டர் மகன், அவன் பேரை எவன் எடுப்பான்? இதை நான் கிணற்றடியில் நாலு பேர் கேட்கச் சொன்னேன். கவுண்டர் வீட்டுப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். போகட்டும். ஆனாலும் தலைக்குள் ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. இரண்டுக்கு ஒன்று என்று நாம் மேலே இருந்தோம், கடைசி நேரம், பந்து உன்னிடம். அங்கே என்னதான் நடந்தது?

முந்தாநாள் ராவுத்தர் மிளகுக்கு வந்தபோது உன் அப்பா வீட்டில் இல்லை. நான் படியால் அளந்து போட்டுக்கொண்டே, "ஏனுங்க ராவுத்தரே, நீங்க அங்க இருந்தீங்கல்ல. என்ன நடந்துச்சுன்னு ஒளிக்காம சொல்லுங்க" என்று கேட்டேன்.

"இருந்தனுங்கம்மா, கோட்டுக்குப் பக்கத்துலயே நின்னேன்" என்றார். "பொழுது எறங்கிட்டு இருந்துது. ரெப்ரி ஊதலை வாய்க்குக் கொண்டுபோறதும் கீழ எறக்கறதுமா இருக்கறாரு. பந்து தம்பி காலுக்கு வந்துச்சு. பக்கத்துல ஒரு ஆளு இல்லீங்க. ஓங்கி ஒரு அடி அடிச்சு வெளிய தள்ளியிருந்தா சோலி முடிஞ்சுது. வண்டித்தடத்துக்கு அந்தப்பக்கம் போயி விழுந்தாலும் எடுத்தாரதுக்குப் பத்துப் பேரு நிக்கறாங்க. தம்பி அடிக்கலை. கால்லயே வெச்சுட்டு, யாருக்குக் குடுக்கறதுன்னு இங்கயும் அங்கயும் பாக்குது. நம்ம பசங்கெல்லாம் மூச்சு வாங்கிட்டு எட்டத்துல நிக்கறானுங்க. அதுக்குள்ள அவிய ஆளு ஒருத்தன் ஓடியாந்து லவட்டிட்டுப் போயி கோலைப் போட்டுட்டானுங்க. அதுக்கப்பறம் நம்மவியளுக்குக் காலே ஓடல. இன்னொண்ணும் போட்டுட்டானுங்க."

படி என் கையிலேயே நின்றுவிட்டது. அவருக்கு அது புரியாத வேடிக்கை, எனக்குப் புரிந்தது. பொட்டல்காட்டில் நின்றுகொண்டு நீ நம் பள்ளத்துக்குப் பயந்திருக்கிறாய். கீழே இருக்கிறவனுக்குப் பந்து வெளியே போனால் போயிற்று, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். நம் பையனுக்குப் பந்து வெளியே போனால் முள்ளு, குளவி, இருட்டு. தலைக்கனமும் இல்லை, வெயிலும் இல்லை. எந்தப் பழக்கத்தால் அத்தனை ஆட்டங்கள் ஜெயித்தீர்களோ அதே பழக்கம் அங்கே உன் காலைப் பிடித்துக்கொண்டது. உன் இடத்தில் நம் டீமின் எந்தப் பையன் நின்றிருந்தாலும் அதையேதான் செய்திருப்பான். அந்தக் கவுண்டர் மகனும்தான். பதினொரு பேரும் சேர்ந்து வளர்த்த பழக்கத்துக்கு நீ ஒருவன் குற்றவாளியாகி, குடிசையில் முகத்தை மறைத்துக்கொண்டு கிடக்கிறாய். இது எனக்குப் பொறுக்கவில்லை, சாமி. தோற்றது எனக்கும் வலிக்கிறது. நீங்கள் வந்த நாள் முழுக்க எனக்குக் களி இறங்கவில்லை. டீம் தோற்றதற்காகத்தான் அது, உனக்காக அல்ல. உனக்காக வலித்தது அதற்கு மறுநாள்.

அந்த மறுநாள் காலையில் நடந்ததை எழுதுகிறேன். நீ பல் துலக்கிவிட்டு வந்து நின்றாய். உன் அப்பா, "ஏஞ்சாமி, பந்தெல்லாம் ஆடியாச்சு. இனி மாமன் ஊட்டுக்கு வெத்தலை கொண்டு போலாமா?" என்றார். மூன்று ஆண்டாக இதே கேள்விக்கு நீ "பாக்கலாங்கப்பா" என்றுதான் சொல்லிவந்தாய். நீ பார்க்கலாம் என்னும்போதெல்லாம் அவர் முகம் சுருங்கும், எனக்கோ அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது என்று கலங்கும். அன்று நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சரிங்கப்பா" என்றாய். எனக்குச் சந்தோஷம் வந்தது, ஏன் பொய் சொல்லவேண்டும்? என் அண்ணன் மகள் என் வீட்டுக்கு வருகிறாள், என் பிறந்த வீட்டு உறவு விட்டுப்போகாது, மகனும் கண்ணெதிரே இருப்பான். அன்றைக்குக் களியில் வெல்லம் கூடப் போட்டேன். அதை உன் தட்டில் வைக்கும்போதுதான் உன் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். மாட்டை விற்கும்போது கயிறு கைமாறுமே, அப்போது மாடு ஒரு மாதிரி நிற்கும். நீ அப்படி இருந்தாய். யார் எங்கே இழுத்தாலும் போவதற்குத் தயாராக இருந்தாய். தோற்றுப்போனவனிடம் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வான். உன் அப்பா கேட்டது அந்த நேரத்தில். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அவருக்கு அந்த நேரம் நல்ல நேரமாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

அந்தச் சரி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் ஒரு முறை அதைச் சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூடத்து டீச்சரம்மா என்னைக் கீழ்நாட்டுக்கு அனுப்பி டீச்சர் வேலைக்குப் படிக்கவைப்பதாகச் சொல்லியிருந்தார். எனக்கும் ஆசை இருந்தது. கரும்பலகையில் எழுதும்போது சுண்ணாம்புக்கட்டி கிறீச்சிடாமல் எப்படிப் பிடிப்பது என்றுகூடப் பழகி வைத்திருந்தேன். அந்தச் சமயத்தில் என் அம்மா இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்து, ஈரத் தலையோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் வந்து, "நம்ம மலையிலயே குண்டூர் நாட்டுல ஒரு பையன் இருக்கறான், பேசட்டுமா?" என்றார். சரி என்றேன். அதை நான் சொன்னேனா என் களைப்பு சொன்னதா என்று இன்றுவரை தெரியவில்லை. உன் அப்பா நல்ல மனிதர். என் மேல் ஒரு நாளும் கை ஓங்கியதில்லை, நான் பந்தைப் பார்ப்பதைக் கேலி செய்தாரே தவிரத் தடுத்ததில்லை. குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் மழைக்காலத்தில் மேகம் வாசல்வரை வந்து நிற்கும்போது, எதிர்வீடும் தெரியாது, பாதையும் தெரியாது, அப்போது எனக்கு மூச்சு முட்டும். கதவைத் திறந்து வைத்தாலும் முட்டும். கல்யாணமாகி இங்கே வந்தது முதல் ஒவ்வொரு மழைக்கும் முட்டியிருக்கிறது. குளிரில் நெஞ்சடைக்கிறது என்று உன் அப்பா சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுப்பார். குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடமும் சொல்லியிருக்கமாட்டேன், உன் முகத்தில் அதையே பார்க்காமல் இருந்திருந்தால்.

ராவுத்தர் இன்னொன்றும் சொன்னார். நீ என்னிடம் மறைத்தது அது. ஆட்டம் முடிந்ததும் மில் மானேஜர் பேசாமல் காரில் ஏறிப் போய்விட்டார் என்றுதான் ஊரில் எல்லாரும் சொன்னார்கள். ஏறும்முன் ராவுத்தரைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். "அந்த மஞ்சச் சட்டையில பின்னாடி நின்னு ஆடுன பேக்கு எந்த ஊருன்னு கேட்டாருங்கம்மா" என்றார் ராவுத்தர். "தோத்ததுக்கப்பறந்தான் கேட்டாரு. நீளமா அடிக்கறத நான் சொல்லிக் குடுத்துக்கறேன், ஓடியார பந்தை அந்தப் பையன் கால்ல வாங்கி நிறுத்தறான் பாருங்க, அதை எவனும் சொல்லிக் குடுக்க முடியாது, அவனை அனுப்பி வைங்கன்னாரு. அன்னைக்கே தம்பிகிட்ட சொன்னனுங்க. தோத்தவன் எந்த மூஞ்சியோட அங்க வாறதுன்னு சொல்லிட்டு மலையேறிருச்சு." அதைக் கேட்டதும் உன்னை இழுத்து வைத்து நாலு அறை கொடுக்கவேண்டும் போலிருந்தது. அவர் தோற்றவன் முகத்தைப் பார்த்துத்தானே கேட்டார்? அவரே வெட்கப்படாததற்கு நீ ஏன் அவருக்கும் சேர்த்து வெட்கப்படுகிறாய்? இந்த மலையில் உன்னைப் பந்தை விட்டவன் என்று சொல்கிறார்கள். அங்கே ஒருவர் உன்னைப் பந்தை வாங்குகிறவன் என்று சொல்லியிருக்கிறார். எந்த ஊரில் இருந்தால் நீ நிமிர்ந்து நடப்பாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் எனக்குத் துக்கம்தான் வந்தது. நான் பெரிய மனசுக்காரி அல்ல, கண்ணு. நீ இங்கேயே இருக்கவேண்டும் என்றுதான் எனக்கு ஆசை, இதை எழுதும் இந்த நேரத்திலும்.

இன்று காலை நீ வந்து தின்றுவிட்டுப் போனதும், ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு ஆலத்தூர் நாட்டுக்கு, உன் மாமன் வீட்டுக்கு நடந்து போனேன். வெற்றிலை விஷயமாகப் போகிறாள் என்று வழியில் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். போகும்போது எனக்கே என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியாது. ஒருவேளை பேசாமல் பழத்தைக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். ஊருக்கு வெளியே சுனையில் உன் மாமன் மகள் பாப்பாத்தி தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குடத்தை இறக்கி வைத்தாள். அவளை நீ எப்போதும் சின்னப் பெண் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவள் சின்னப் பெண் இல்லை.

"அத்தை, நான் ஒண்ணு கேக்கறன், கோவிச்சுக்காதீங்க" என்றாள். "மூணு வருசமா பாக்கலாம் பாக்கலாம்னவரு இப்ப எப்படிச் சரின்னாரு?"

நான் பழச் சீப்பை மறுகைக்கு மாற்றிக்கொண்டேன்.

"தோத்ததுக்கு ஆறுதலா நானு?" என்றாள். "எனக்கு அப்படி வேண்டாங்கத்தை. ஆசைப்பட்டு வாறவன் வரட்டும். இல்லீனா எவனும் வராமயே போகட்டும். அப்பாகிட்ட இதை நான் சொன்னா என்னை வெட்டிப் போட்டுருவாரு. நீங்க சொல்லுங்க."

இதைக் கேட்கிறவரை நீ ஒருவன்தான் மாட்டிக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்திருந்தேன். அவளும் மாட்டிக்கொண்டிருந்தாள். நீங்கள் இரண்டு பேரும் சரி சரி என்று தலையாட்டி, ஒரே வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கிழவனும் கிழவியும் ஆகியிருப்பீர்கள். நாங்கள் வாசலில் உட்கார்ந்து நல்ல ஜோடி என்று சொல்லிக்கொண்டிருந்திருப்போம். அவள் பேரையும் உன் பேரையும் எடுக்காமல் பேசவேண்டும் என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்குள் போனேன்.

"வெத்தலை வேண்டாங்கண்ணா" என்றேன். அண்ணன் முறத்தைத் தைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "பையன் சொன்னானா?" என்றார். "அவன் சொல்லலீங்க. நாந்தான் சொல்றன்." "என்ன காரணம்?" "எனக்குப் புடிக்கலீங்கண்ணா. என் ஊட்டுக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு நினைக்கறன்." வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். சின்ன வயதிலிருந்தே என்னைச் சுமந்து வளர்த்தவர் அவர். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அழுதுவிட்டு வந்திருப்பேன். அவர் எழுந்து, நான் உள்ளே வைத்திருந்த வாழைச் சீப்பை எடுத்துக்கொண்டுபோய் வாசற்படிக்கு வெளியே வைத்தார். "இருட்டறதுக்குள்ள ஊடு போயிச் சேரு" என்றார். மறுபடியும் உட்கார்ந்து முறத்தைத் தைக்கத் தொடங்கினார். பாப்பாத்தி மாட்டுக்கொட்டிலில் நின்று என்னைப் பார்த்தாள். அவள் அழவில்லை. நான் அந்த ஊர் எல்லை தாண்டும்வரை அடக்கிக்கொண்டு, பிறகு பாதையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் அண்ணன் சேலையைத் தலையில் வைத்துக்கொண்டு நம் வாசலில் வந்து நிற்பாரே, இனி அவர் வரமாட்டார். எனக்குப் போய்ச் சேர இனி அந்த வீடு இல்லை. இதை உன் மேல் சுமத்துவதற்காக எழுதவில்லை. நாளைக்கு நீ யாரிடமாவது அரைகுறையாகக் கேட்டு, அம்மாவுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று நின்றுவிடக்கூடாது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஆகவே நாளை மறுநாள் வெற்றிலை இல்லை. உன் அப்பா வந்ததும் கத்துவார். பங்காளிகளை அழைத்துவிட்டு வந்தவர் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்? கத்தட்டும். கத்தி முடித்துப் பசி எடுத்ததும் சாப்பிடுவார், அப்புறம் பேசாமல் கொஞ்ச நாள் இருப்பார். அவரைச் சமாளிப்பது என் வேலை, நீ அதற்காக உட்கார்ந்திருக்காதே. ராவுத்தர் சந்தைக் கொட்டகையில் தங்கியிருக்கிறார். மிளகு மூட்டையோடு நாளை விடிகாலையில் கீழே இறங்குகிறார். உன்னை மில்லில் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை தன் பொறுப்பு என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். போ என்று நான் சொல்லவில்லை. இங்கே இருந்து பயிர் செய்வதும் நல்ல பிழைப்புத்தான், உன் அப்பா அதில் குறைந்து போய்விடவில்லை. மனசார இருப்பதானால் இரு. தோற்றுப்போனோம் என்று இருக்காதே. அப்படி இருக்கிறவர்களுக்கு மழைக்காலம் மிகவும் நீளமாக இருக்கும். போனால், அந்த மானேஜர் சொல்வதைக் கேள், ஆனால் காலில் வாங்குவதை எவன் சொன்னாலும் விட்டுவிடாதே. அடுத்த ஆண்டு அந்த மில் டீமோடு நம் பையன்கள் மோதினால் நான் இந்தப் பக்கம்தான், இப்போதே சொல்லிவிடுகிறேன். நீ பந்தை விட்டால் கைதட்டுவேன்.

இன்னும் ஒன்று. அம்மாவிடம் சொல்லாமல் போகக்கூடாது என்று உனக்குத் தோன்றும். நீ அப்படித்தான் வளர்ந்திருக்கிறாய். இந்த ஒரு முறை அதை மீறு. போவதானால் விடிகாலையில் குடிசையிலிருந்து அப்படியே இறங்கிப் போய்விடு, வீட்டுப் பக்கம் வராதே. போய்ட்டு வாரேன் என்று நீ வாசலில் வந்து நின்றால், நான் இரு என்று சொல்லிவிடுவேன். நீயும் சரி என்பாய்.